நாலாம் பாகத்தை வெட்டியவர்

எங்கள் மலையில் யாரும் யாரையும் "கண்ணு" என்று கூப்பிடலாம். பழக்கடைக்காரர் கூப்பிடுவார், கண்டக்டர் கூப்பிடுவார், வழி கேட்க வண்டியை நிறுத்துகிறவர்கூடக் கூப்பிடுவார். கேட்டால் மனசு கொஞ்சம் இளகத்தான் செய்யும். எங்கள் விடுதி வார்டன் மேடம் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தால் மட்டும் ஓடி ஒளியத் தோன்றும். "இங்க வா கண்ணு" என்றால் எதையோ கண்டுபிடித்துவிட்டார் என்று அர்த்தம். "கையை நீட்டு கண்ணு" என்றால் விரல் நுனிகளை ஒவ்வொன்றாக மோந்து பார்க்கப் போகிறார். பலாச்சுளை தின்ற கை எவ்வளவு கழுவினாலும் காட்டிக்கொடுத்துவிடும் என்பதை அவரிடம்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் பெண்கள் விடுதி சோளக்காட்டுக் கடைத்தெருவிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்தது. பிளஸ் ஒன்னும் பிளஸ் டூவும் அங்கே தங்கித்தான் படித்தேன். மேடம் ராசிபுரம் பக்கத்துக்காரர்; மாற்றலில் மலைக்கு வந்தவர். மாற்றலில் வருகிற மற்றவர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவார்கள். இவர் பொங்கலுக்குக் கீழே இறங்கக்கூட யோசிப்பார். கீழே யார் இருக்கிறார்கள், யாருமே இல்லையா, இருந்தும் போகப் பிடிக்கவில்லையா என்று நாங்கள் துப்புத் துலக்கிப் பார்த்தோம். ஒன்றும் தேறவில்லை. அவருக்கு எங்கள்மேல் சந்தேகம், எங்களுக்கு அவர்மேல் சந்தேகம். இரண்டு வருஷமும் அப்படியேதான் ஓடியது.

ஆள் குள்ளம். வராந்தாவில் நடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். பேச்சு முடிந்து திரும்பினால் பின்னால் நிற்பார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று யாருக்கும் தெரியாது. மாட்டிக்கொண்டவளிடம் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "நம்பறதுக்குச் சாமி இருக்குது. மனுசங்களை விசாரிக்கத்தான் வேணும்."

ஒருமுறை நாமக்கல்லிலிருந்து ஒரு பெரிய மனிதர் தன் பிறந்தநாளை ஏழைப் பிள்ளைகளோடு கொண்டாட வேண்டும் என்று கார் நிறைய லட்டுப் பெட்டிகளோடு வந்தார். கூடவே போட்டோ எடுக்க ஒரு ஆள். நாங்கள் வரிசையில் நின்று கையை நீட்டுகிற நேரத்தில் மேடம் குறுக்கே வந்தார்.

"ஏனுங்க, மொதல்ல நீங்க ஒண்ணு சாப்புடுங்க."

"எனக்குச் சர்க்கரைங்க மேடம்."

"சர்க்கரைக்காரரு லட்டாப் பாத்து வாங்கியிருக்கீங்க. சரி போகட்டும். டிரைவர் தம்பி, நீங்க வாங்க."

டிரைவர் மேல் பெட்டியில் கை வைக்கப் போனார். "அடிப்பெட்டியில எடுங்க" என்றார் மேடம். டிரைவர் தின்று முடிக்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய மனிதர் கோபித்துக்கொண்டு போட்டோகூட எடுக்காமல் கிளம்பிவிட்டார். நல்ல லட்டுதான். நெய் மணத்தது. எங்களுக்கு அதில் ஆளுக்கு இரண்டு கூடுதலாகக் கிடைத்தது.

பிள்ளைகளைப் பார்க்க வருகிற உறவுக்காரர்கள் பாடு இன்னும் மோசம். "புள்ளையோட அம்மாயி ஊரு எது?" என்று கேட்பார். வந்தவரிடம் ஒருமுறை, பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு ஒருமுறை. இரண்டு பதிலும் ஒத்துப்போனால்தான் கேட் திறக்கும். என் சொந்த அப்பாவே ஒருநாள் தன் மாமியார் ஊரைச் சொல்லத் தடுமாறி, கொண்டுவந்த வேகவைத்த குச்சிக்கிழங்கு ஆறிப்போகும்வரை வெளியே நின்றார். "உங்க வார்டனம்மா போலீசுல இருந்தாங்களா சாமி?" என்று என்னிடம் கேட்டார். அதுவும் எங்கள் சந்தேகங்களில் ஒன்றுதான்.

எல்லாவற்றையும்விட எரிச்சல் ஊட்டியது பேப்பர். விடுதிக்கு ஒரு தினசரி வரும். அது கூடத்து மேசைக்கு வருவதற்கு முன் மேடத்தின் கத்தரிக்கோலுக்குப் போய்வரும். சினிமாப் படங்களை வெட்டுவார், ஜோடி ஓடிப்போன செய்தியை வெட்டுவார், சில சமயம் ஏன் என்றே தெரியாமல் எதையாவது வெட்டுவார். எங்கள் கைக்கு வரும்போது பேப்பரில் சன்னல் சன்னலாக இருக்கும். அந்தப் பக்கம் நிற்கிறவள் முகம் இந்தப் பக்கம் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சோப்பு வாங்கக் கடைத்தெருவுக்கு விடுவார்கள். அப்போது டீக்கடையில் முழுப் பேப்பரைப் புரட்டி, சன்னலில் என்ன இருந்தது என்று பார்ப்போம். ஒவ்வொரு முறையும் அந்தப் பேப்பரிலேயே நல்ல விஷயம் அதுவாகத்தான் இருக்கும். பிடித்த நடிகர் சிரிப்பார். காதலித்தவர்கள் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு காவல் நிலையத்தில் தஞ்சம் புகுந்திருப்பார்கள். மேடம் எதையாவது வெட்டினால் அது இனிப்பானது என்பது எங்களுக்குப் பாடமாகவே பதிந்துவிட்டது.

இப்போது வசந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குண்டூர் நாட்டுப் பெண்; நாடு என்றால் எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது. எனக்குப் பக்கத்துப் பாய். அவளுடைய அக்கா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்தாள். அங்கே பெண்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்துக்கொண்டிருந்த ஒரு கதைப் புத்தக வரிசையை, ஒவ்வொரு பாகமாக, பஸ் டிரைவர் மூலம் தங்கைக்குக் கொடுத்தனுப்பினாள். உப்பளம் இருக்கிற ஊரில் பள்ளிக்கூடம் படிக்கிற இரண்டு பெண்கள், கயல், மரியா. ஒருத்தியை ஒருத்தி விரும்புகிறார்கள். தோழமை என்று மூடி மறைக்காமல் விருப்பம் என்றே எழுதியிருந்தது. முதல் பாகத்தில் கயலுக்கு அது புரிகிறது. இரண்டாம் பாகத்தில் மரியாவுக்குப் புரிகிறது. மூன்றாம் பாகத்தில் ஊருக்குப் புரிகிறது. அங்கே நிறுத்தியிருந்தார்கள்.

வசந்தியை எனக்குப் பிடிக்கும் என்று தெரியும். அது என்ன மாதிரிப் பிடித்தம் என்று சொல்ல என்னிடம் வார்த்தை இருந்ததில்லை. அவள் லீவுக்கு ஊருக்குப் போனால் எனக்குச் சோறு இறங்காது. அதைக் காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டு மாத்திரை தின்ற ஆள் நான். அந்தப் புத்தகத்தைப் படித்த பிறகு மாத்திரையை விட்டேன். வசந்தியும் படித்தாள். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் துணி துவைக்கும்போது ஒரே வாளியைப் பிடித்துக்கொண்டு போனோம்.

ஒருநாள் நாங்கள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் மேடம் பெட்டிகளைச் சோதனை போட்டிருக்கிறார். திரும்பி வந்தபோது மூன்று பாகமும் வசந்தியின் பெட்டியில் இல்லை. வீட்டுக்குச் சொல்லுவார், வசந்தியை அனுப்பிவிடுவார், என்னை வேறு அறைக்கு மாற்றுவார் என்றெல்லாம் நினைத்து ஒரு வாரம் உருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒருநாள் மூன்று புத்தகமும் அதே பெட்டியில், அதே துணிக்கு அடியில் இருந்தன. பழுப்புத்தாள் அட்டை மட்டும் புதிதாகப் போட்டிருந்தது.

"ஆழம் பாக்கறாங்க. தொடாத" என்றேன் வசந்தியிடம். எலிப்பொறியில் தேங்காய்ச் சில்லை வைப்பதுபோல வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். மாதக்கணக்கில் நாங்கள் அந்தப் புத்தகங்களைத் தொடவில்லை.

பிளஸ் டூ பரீட்சை நெருங்குகிற சமயத்தில் நாலாம் பாகம் வந்தது. பஸ் டிரைவர் எங்களிடம் கொடுப்பதற்குப் பதிலாக, கேட்டில் நின்ற மேடத்திடமே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். "யாரு அனுப்புனாங்க? எதுக்கு இவ்வளவு டேப்பு ஒட்டியிருக்கு?" என்று அவரையும் ஒரு மூச்சு விசாரித்தாராம். சில நாள் கழித்து வசந்தியைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்க்காமல் புத்தகத்தை நீட்டினார். கண்ணு என்று கூப்பிடவில்லை.

கடைசியில் பக்கங்கள் இல்லை. ஸ்கேல் வைத்து பிளேடால் அறுத்த சுத்தமான வெட்டு.

அந்த நாலாம் பாகத்தைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மட்டமான புத்தகம். கோபம் வந்தால் உப்புக் குவியலைக் காலால் எத்துகிற கயல், இதில் சன்னலோரம் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பெருமூச்சு விட்டாள். மரியா பாதிப் புத்தகத்துக்குமேல் வரவேயில்லை. அவளுக்குப் பதிலாக அத்தை மகன் ஒருவன் கார் ஓட்டிக்கொண்டு வந்தான். படித்தவன், பொறுமைசாலி, யார் மனமும் நோகப் பேசாதவன். கதையில் தேவையில்லாமல் ஒரு நல்லவன் வந்தாலே எனக்குச் சந்தேகம். முன் பாகங்களில் ஒரு வரியில் சொல்லியிருந்ததை இதில் ஒரு அத்தியாயத்துக்கு உபதேசம் செய்தார்கள். நாலாம் பாகத்துக்காக ஏங்கிக் கிடந்த எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனாலும் நான் எழுத்தாளரைத் திட்டவில்லை. மேடத்தைத்தான் திட்டினேன். எல்லாவற்றையும் சரிசெய்கிற கடைசிப் பக்கங்களை அவர் அல்லவா வெட்டிவிட்டார்! வெட்டியிருக்கிறார் என்றால் அது இனிப்பாகத்தானே இருக்க வேண்டும்? கயல் அத்தை மகனை உதறிவிட்டு மரியாவோடு சேர்ந்திருப்பாள். சேராமல் இருந்தால் இந்த அம்மாள் எதற்கு பிளேடைத் தேடப்போகிறார்?

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தக் காணாமல்போன பக்கங்களை வசந்திக்கு நான் சொல்வேன். ஒரு வாரம் கயல் முதல் பஸ்ஸில் ஏறுவாள், கடைசி சீட்டில் மரியா இடம் பிடித்து வைத்திருப்பாள். இன்னொரு வாரம் மரியா கல்யாண மண்டபத்துக்கே வந்து, பந்தியில் உட்கார்ந்து பாயசம்வரை சாப்பிட்டுவிட்டு, கயலைக் கூட்டிக்கொண்டு போவாள். வசந்தி சிரித்துச் சிரித்துச் சோப்பைக் கீழே போடுவாள்.

அந்த நாட்களில்தான் வசந்தியின் தாய்மாமன் திண்ணனூர் நாட்டிலிருந்து வந்தார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பிள்ளையை ரெண்டு நாள் கூட்டிப்போகிறேன் என்றார். மேடம் அவரை மேலும் கீழும் பார்த்தார். நாங்கள் வராந்தாத் தூணுக்குப் பின்னால் நின்றோம்.

"அக்காளுக்கு ஒடம்பு சரியில்லைன்னு சொல்றீங்க. புது வேட்டி கட்டியிருக்கீங்க?"

"சும்மாதானுங்க."

"சும்மா புது வேட்டி கட்டுவாங்களா? எந்த ஆஸ்பத்திரி? எந்த வார்டு?"

மாமன் வேட்டியை மடித்துக் கட்டினார். அவருடைய மகனுக்கு வசந்தி என்று சின்ன வயதிலேயே பேச்சு. உரிமைப் பெண்; பரீட்சைவரை காத்திருக்க அவர்களுக்குப் பொறுமையில்லை. எங்கள் இருவருக்கும் அது தெரியும். மேடம் எப்படி மோப்பம் பிடித்தார் என்று தெரியவில்லை. "இங்க வா கண்ணு" என்று வசந்தியை ஆபீஸ் ரூமுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

கதவு ரொம்ப நேரம் திறக்கவில்லை. வசந்தி அந்த மனிதரோடு கேட்டைத் தாண்டினால் திரும்பி வரமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். கதவு திறந்தபோது வசந்தியின் கண் சிவந்திருந்தது. "போகலை" என்றாள் என்னிடம். மேடம் மாமனிடம், "பதினெட்டு முடியாத புள்ளைங்க. அக்காளுக்கு நெசமாவே முடியலைன்னா டாக்டரு சீட்டோட வாங்க, நானே கூட வாரேன்" என்று கையைக் கூப்பிக் கேட்டை மூடிவிட்டார். மாமன் வெளியே நின்று கொஞ்ச நேரம் திட்டிவிட்டுப் போனார்.

"உள்ள என்ன கேட்டாங்க?" என்று வசந்தியிடம் கேட்டேன்.

"அம்மாயி ஊரு எதுன்னு கேட்டாங்க" என்றாள்.

பரீட்சை முடிந்ததும் வசந்தியின் அக்கா வந்து எங்கள் இருவரையும் திருப்பூருக்குக் கூட்டிப்போனாள். அங்கே சில வருஷம். இப்போது நாமக்கல்லில் ஒரு வாடகை வீடு. வசந்தி ஜாக்கெட் தைக்கிறாள். நான் இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறேன். அக்கம்பக்கத்தில் ஃபிரண்ட்ஸ் என்று சொல்லியிருக்கிறோம். என் அம்மாவுக்குத் தெரியும், கேட்பதில்லை. வசந்தி வீட்டில் கேட்டார்கள், பிறகு பேசுவதில்லை.

போன மாதம் சேலத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் அந்த நாலு பாகமும் சணல் கயிற்றில் கட்டி வைத்திருந்ததைப் பார்த்தேன். கயிற்றை அவிழ்த்து, கடைக்காரர் முறைக்க முறைக்க, நின்றபடியே நாலாம் பாகத்தின் கடைசிப் பக்கங்களைப் படித்தேன்.

கயல் அத்தை மகனைக் கட்டிக்கொள்கிறாள். மரியாவும் எங்கேயோ கல்யாணமாகி, இடுப்பில் குழந்தையோடு வாழ்த்த வருகிறாள். "அதெல்லாம் அந்த வயசுக் கோளாறு" என்று இருவரும் சேர்ந்து சிரிக்கிறார்கள். சுபம்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மூன்று பாகம் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்விட்டு நாலாவதில் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருக்கிறார்கள். கொஞ்சம் ஆறியதும் மேடத்தின் நினைப்பு வந்தது. அவர் வெட்டியது இனிப்பை இல்லையா? பின்னே எதற்கு வெட்டினார்? எங்களைப் பிரிக்க நினைக்கிறவர் என்றால் இந்தப் பக்கங்களைத்தானே முதலில் படிக்கக் கொடுத்திருக்க வேண்டும்? இதில் என்ன சூது இருக்கிறது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

அடுத்த வாரம் அம்மாவைப் பார்க்க மலைக்குப் போனபோது சோளக்காட்டில் அவரையே பார்த்துவிட்டேன். ஓய்வு பெற்று ராசிபுரத்தில் இருக்கிறார். கீழே கிடைக்கிற மிளகை நம்பாமல், மலை மிளகு வாங்க மேலே வந்திருக்கிறார். ஒரு மிளகைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தார்.

வணக்கம் சொல்லிவிட்டு நேராகக் கேட்டேன். "மேடம், அந்த நாலாம் பாகத்துல கடைசிப் பக்கத்தை நீங்கதான வெட்டுனீங்க?"

"கரையான் அரிச்சிருக்கும்."

"கரையான் ஸ்கேல் வெச்சா மேடம் அரிக்கும்?"

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். "எதுக்கு இப்பக் கேக்கற? யாரு கேக்கச் சொன்னாங்க?" பிறகு, "எங்க இருக்கற?"

"நாமக்கல்லுங்க."

"யாரோட?"

"வசந்தியோடங்க."

இப்போது "கண்ணு" வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "அவகிட்டயே கேளு" என்று சொல்லிவிட்டு மிளகுப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும், சேலத்தில் வாங்கி வந்து பீரோவுக்குள் ஒளித்து வைத்திருந்த முழுப் புத்தகத்தை எடுத்துத் தையல் மிஷின்மேல் வைத்தேன். வசந்தி அட்டையைப் பார்த்தாள், திறக்கவில்லை.

"இதை எதுக்கு வாங்குன?"

"கடைசியில என்ன இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

வசந்தி நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள்.

"மாமன் வந்த அன்னைக்கு உள்ள கூப்பிட்டாங்கல்ல, அப்பக் காட்டுனாங்க. டிராயர்ல வெச்சிருந்தாங்க. 'நீங்க ரெண்டு பேரும் கதையை நம்பி ஆடறீங்களோன்னு எனக்குச் சந்தேகம். கதை இப்புடித்தான் முடியுது, படி. படிச்சுட்டுச் சொல்லு. இன்னைக்கு நான் அனுப்பமாட்டேன், அது சட்டம். சட்டம் இன்னும் கொஞ்ச மாசம்தான் காக்கும். அதுக்கப்பறமும் போகமாட்டியா?'ன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"படிச்சேன். அழுதேன். அப்பறமும் போகமாட்டேன்னு சொன்னேன்."

"எதுக்கு வெட்டுனாங்களாம்?"

"'மூணு புத்தகம் எழுதுன கை இப்புடி எழுதாது, அவங்களை யாரோ மெரட்டியிருக்காங்க'ன்னாங்க. பரீட்சை நேரத்துல இதைப் படிச்சா எவளாவது சோறு திங்காமக் கெடப்பான்னு வெட்டிட்டாங்களாம்."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"நீ ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் ஒரு முடிவு சொல்லிட்டிருந்த. எனக்கு அது வேண்டியிருந்துச்சு."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. என் வாழ்க்கை அந்த ஆபீஸ் ரூமில், என்னைக் கூப்பிடாமலே, முடிவாகியிருக்கிறது. ஊர் உலகத்தையெல்லாம் சந்தேகப்பட்ட நான், பக்கத்துப் பாயில் படுத்திருந்தவளைச் சந்தேகப்படவேயில்லை. "உன்னைக் கூப்பிட்டுக் கேட்டாங்கல்ல, என்னை ஏன் கேக்கல? நான் என்ன, ஆளாத் தெரியலையா அந்தம்மாவுக்கு?" என்று கத்தினேன்.

"நானும் சொன்னேன், அவளையும் கூப்பிட்டுக் கேளுங்க மேடம்னு."

"அதுக்கு?"

"'அவளை விசாரிக்க வேண்டியதில்ல. அவ உன்னை உட்டுட்டுப் போகமாட்டா'ன்னாங்க."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மாள் விசாரிக்காமல் நம்பிய ஆள் என்று யாரையும் நான் கண்டதில்லை. அழுகை அடக்க முடியாமல் வந்தது. வசந்தி மிஷினை விட்டு எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.